அப்பாவுக்குச் சிறுகுடலில் ஜிஸ்ட் கட்டி: ஆபரேஷன் முடிந்தது, இனி மாத்திரை மட்டும் போதுமா?

வாலாஜா மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 57. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இருபது வருஷத்துக்கு மேல் வேலை, பெரும்பாலும் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் பக்கம்தான். போன வருஷம் முழுக்க மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று அப்பா சொன்னபோது, அது இரும்பு மாத்திரையால் என்றார்கள். எண்டோஸ்கோபி பார்த்தார்கள், கொலனோஸ்கோபி பார்த்தார்கள், இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூலநோயாக இருக்கலாம் என்று வேறு ஒருவர் சொன்னார். கடைசியில் வேலை இடத்திலேயே மயங்கி விழுந்த பிறகுதான் சிடி ஸ்கேன் எடுத்து, ஜெஜுனத்தில் (சிறுகுடலின் நடுப்பகுதி) 7 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்தது.

வேலூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி), ஸ்பிண்டில் செல் வகை, சிடி117 பாசிட்டிவ், டாக்1 பாசிட்டிவ், மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கை) 8, ஹை ரிஸ்க் என்று இருக்கிறது. இமாட்டினிப் 400 தினம் ஒன்று, மூன்று வருஷம் சாப்பிட வேண்டும் என்கிறார் டாக்டர்.

எங்கள் சித்தப்பா, "கேன்சருக்குக் கீமோ போடாமல் மாத்திரை கொடுத்து அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்" என்கிறார். அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாடே இறங்காமல் இருக்கிறார். அம்மாவோ டேனரித் தண்ணீர்தான் காரணம் என்று அழுகிறார். எனக்கும் தம்பிக்கும் வருமா என்ற பயமும் இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆரணி நெசவாளர்:

தங்கச்சி, எனக்கும் இதே ஜிஸ்ட்தான், இதே ஜெஜுனத்தில்தான். ஆபரேஷன் முடிந்து, இப்போது இமாட்டினிப் சாப்பிட்டுக்கொண்டே தறியில் உட்கார்கிறேன். இந்தப் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சித்தப்பா சொன்னதை எங்கள் தெருவிலும் சொன்னார்கள். கேன்சர் என்றால் பாட்டில் தொங்க வேண்டும், முடி கொட்ட வேண்டும் என்று எல்லார் மனதிலும் பதிந்து போயிருக்கிறது. ஆனால் அந்தக் கீமோ ஊசிகளுக்கு ஜிஸ்ட் அநேகமாக அசைந்து கொடுப்பதே இல்லை. 2000-க்கு முன்னால், ஆபரேஷனுக்குப் பிறகு இது திரும்பி வந்தால் கொடுக்க டாக்டர் கையில் மருந்தே கிடையாது. அந்த வருஷம்தான் பின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு முதன்முதலாக இமாட்டினிப் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் சோதித்துக்கொண்டிருந்த மாத்திரை அது. அவருடைய கட்டிகள் சுருங்கின. 2002-ல் அமெரிக்காவில் ஜிஸ்டுக்கே அனுமதி கிடைத்தது. அப்பாவுக்குக் கொடுத்திருப்பது அந்த மருந்து. கைவிட்டவர்கள் கொடுக்கிற மாத்திரை இல்லை இது.

மூன்று வருஷம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹை ரிஸ்க் ஆட்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு வருஷம், மீதிப் பேருக்கு மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஐந்து வருஷம் கழித்து ஒரு வருஷக்காரர்களில் நூற்றுக்கு 82 பேர் உயிரோடு இருந்தார்கள்; மூன்று வருஷக்காரர்களில் 92 பேர். என் டாக்டர் இதைச் சொன்ன பிறகு ஒரு நாள்கூட விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை" என்று அப்பா ஒருநாள் கட்டாயம் கேட்பார். அன்றைக்கு இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

சாப்பிடும் முறை முக்கியம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டிக்கொண்டு வரும். நான் மதியச் சோறு பாதி சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டு, பெரிய சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிடுகிறேன். காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருக்கும், அழுதவன் முகம் என்று வீட்டில் சொல்வார்கள். வெயில் ஏற ஏற வடிந்துவிடும். எனக்குப் பெரிய தொல்லை தசைப்பிடிப்புதான். குழித்தறியில் மிதியை அழுத்திக்கொண்டிருக்கும்போது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். குழிக்குள் காலை நீட்ட இடம் இருக்காது. ஓட்டத்தை விட்டுவிட்டு மேலே ஏறி உட்கார்ந்து, கால் கட்டைவிரலைப் பிடித்து என் பக்கமாக இழுத்தால்தான் விடும். ராத்திரியிலும் வரும். இப்படி வந்தால் அப்பா பயப்பட வேண்டாம், மாத்திரையின் வேலைதான். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, உடம்பு திடீரென்று ஊதி எடை ஏறினாலோ, மலம் மறுபடி கறுத்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்று. சிறுகுடலில் வருகிற கட்டிகள் ஸ்கேனில் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சாதி வேறு. எங்கள் தொழிலில் பட்டா ரேயானா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் இழையை நெருப்பில் காட்டுவோம். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், ரேயான் என்றால் காகிதம் எரிகிற வாசனை. ரிப்போர்ட்டில் உள்ள சிடி117, டாக்1 என்பதெல்லாம் அப்படிக் காட்டிப் பார்த்த சோதனைகள்தான். அது உங்களுக்கு முடிந்துவிட்டது. அடுத்து மியூட்டேஷன் டெஸ்ட் (கட்டியின் மரபணுவில் என்ன கோளாறு என்று பார்ப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். கிட் என்ற மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் கோளாறு என்றால் 400 மில்லிகிராம் நன்றாகக் கேட்கும். எக்ஸான் 9 என்றால் டோஸ் பற்றி டாக்டர் தனியாக யோசிப்பார். நோய் பரவியவர்களுக்கு 800 வரை கொடுப்பதுண்டு. பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் வேலை செய்யாது. சிறுகுடலில் அது அபூர்வம், பெரும்பாலும் இரைப்பைக் கட்டியில்தான் வரும். மூன்று வருஷம் ஒரு மருந்தைச் சாப்பிடப் போகிறவருக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே. கட்டியின் துண்டைப் பதித்துவைத்த மெழுகு பிளாக் ஆஸ்பத்திரி லேபில் இருக்கும். வேறு இடத்துக்கு டெஸ்ட் அனுப்ப வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து வாங்கலாம். வாங்கினால் வீட்டில் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இந்த மருந்துக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது கம்பெனி மருந்து மாதத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், நம் நாட்டுத் தயாரிப்பு 8 ஆயிரம் பக்கம் என்று பேப்பரில் வந்தது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் என்னைப் போன்ற நெசவாளி என்ன செய்திருப்பான் என்று இன்னும் நினைத்துக்கொள்வேன். இப்போது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் எடுங்கள். ஆஸ்பத்திரியில் திட்டத்துக்கென்று தனி கவுன்ட்டர் இருக்கும். அப்பாவுக்கு எது எது அதில் வரும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

காட்பாடி லேப்:

நான் பேத்தாலஜி லேபில் வேலை செய்கிறேன். நெசவாளர் அண்ணன் சொன்னதில் மாற்ற எதுவும் இல்லை. அம்மாவின் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது நியாயமான சந்தேகம்.

தோலைப் பதனிட டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம் என்ற உலோக உப்பு. ஆபத்தானது அதன் வேறு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது உறுதியானது. 2008-ல் அமெரிக்க அரசு ஆய்வில் அதைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தபோது சுண்டெலிகளுக்குச் சிறுகுடலில் கட்டி வந்ததும் உண்மை. ஆகவே நிலத்தடி நீரைச் சுத்தமாக்கச் சொல்லிப் போராடுவது சரியே. ஆனால் அந்த எலிகளுக்கு வந்தது குடலின் உள்பக்கச் சவ்வில். அப்பாவுக்கு வந்தது குடல் சுவருக்குள், குடலை அசைத்துக்கொடுக்கிற கஹால் செல்கள் என்ற வகையில். அந்தச் செல்லில் கிட் மரபணு வாழ்நாளில் எப்போதோ தானாகக் கோளாறாவதால் வருவது. இதை 1998-ல் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இவற்றில் பலவற்றைச் சாதாரணத் தசைக்கட்டி என்றே எழுதியிருப்பார்கள். தண்ணீர், வேலை, சாப்பாடு என்று எதையும் ஜிஸ்டுக்குக் காரணமாக இதுவரை நிரூபிக்கவில்லை. அம்மா தன்னையோ அப்பாவின் வேலையையோ நொந்துகொள்ள வேண்டாம்.

கண்டுபிடிக்கத் தாமதமானதற்கும் உடம்பமைப்பே பாதிக் காரணம். எண்டோஸ்கோபி டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) வரை போகும், கொலனோஸ்கோபி சிறுகுடலின் கடைசி நுனியை எட்டிப்பார்க்கும். நடுவில் இருக்கிற சுமார் 6 மீட்டர் குடல் இரண்டுக்கும் எட்டாது. அதற்குக் கேப்சூல் எண்டோஸ்கோபியோ (விழுங்கும் சின்னக் கேமரா) சிடியோ வேண்டும். சிறுகுடல் இவ்வளவு நீளமாக இருந்தும் ஜீரணப் பாதைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 3 அளவுதான் அதில் வருகிறது. அதனால் யாருக்கும் சட்டென்று அந்த நினைப்பு வருவதில்லை. ஆனாலும் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, மேலேயும் கீழேயும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றால் நடுக்குடலைப் பார்க்கச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும் என்பது நிஜம், அதை வைத்து ரத்தப்போக்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

பிள்ளைகளுக்கு வருமா என்றால், குடும்பத்தில் இறங்குவது மிக அபூர்வம். அப்பா உடம்பில் சிறுவயது முதலே காபி நிறத்தில் பல திட்டுகள், தோலில் மெத்தென்ற சிறு உருண்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோயில் சிறுகுடல் ஜிஸ்ட் வருவதுண்டு, அதற்கு இமாட்டினிப் சரியாகக் கேட்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டி உடையாமல் முழுசாக வந்ததா என்றும் பாருங்கள். உடைந்திருந்தால் ரிஸ்க் கணக்கே மாறும்.

குடியாத்தம் அக்கா:

என் அம்மாவுக்கும் சிறுகுடல் கட்டிதான், ஆனால் இலியத்தில் (சிறுகுடலின் கடைசிப் பகுதி), நியூரோஎண்டோக்ரைன் வகை, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது. முகம் திடீர் திடீரென்று சிவக்கும், ஓயாமல் வயிற்றுப்போக்கு. அவருக்கு இமாட்டினிப் கிடையாது, மாதம் ஒருமுறை ஆக்ட்ரியோடைட் ஊசி. 24 மணி நேரச் சிறுநீர் சோதனைக்கு முன்னால் வாழைப்பழம், தக்காளி, அன்னாசி எதுவும் கூடாது என்பார்கள். ஜிஸ்டுக்கு அந்தப் பத்தியம் தேவையில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் "எங்களுக்கு இந்த ஊசி போட்டாங்க, உங்களுக்கு ஏன் போடலை" என்று கேட்டுக் குழப்புவார்கள். அப்பாவின் ரிப்போர்ட்டில் ஜிஸ்ட் என்றுதான் இருக்கிறது. ஜிஸ்ட் உள்ளவர்கள் சொல்வதை மட்டும் காதில் வாங்குங்கள்.

வாலாஜா மகள்:

மூன்று பேருக்கும் நன்றி. அப்பாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். 82, 92 எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கட்டி உடையாமல் முழுசாக எடுக்கப்பட்டது என்று சம்மரியில் இருக்கிறது. உடம்பில் திட்டு எதுவும் இல்லை. மியூட்டேஷன் டெஸ்ட் பற்றி அடுத்த செக்கப்பில் கேட்கிறேன். இன்னும் ஒன்று: உறவினர் ஒருவர் ரத்தம் ஊறுவதற்கென்று ஒரு சூரணம் வாங்கி வந்திருக்கிறார். மாத்திரையோடு கொடுக்கலாமா?

ஆரணி நெசவாளர்:

டாக்டரிடம் காட்டும் வரை கொடுக்காதீர்கள், தங்கச்சி. இமாட்டினிப்பைக் கல்லீரல்தான் கரைக்க வேண்டும். சூரணத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சேர்த்தால், மருந்து ரத்தத்தில் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும்கூட அதே காரணத்தால் எனக்கு வேண்டாம் என்றார்கள். டப்பாவை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் டெஸ்டும் ஆரம்ப மாதங்களில் அடிக்கடி எடுப்பார்கள், எதையும் தள்ளிப்போடாதீர்கள். சிடி தேதிக்கு முன்னாடி நாள் கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து வைத்துக்கொண்டால் அங்கே போய்க் காத்துக்கிடக்க வேண்டியிருக்காது. நானும் கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் வேலூருக்கு வருகிறவன்தான். செக்கப் அன்றைக்கு அப்பாவுக்கு என்னோடு பேச வேண்டும் போலிருந்தால் இங்கே எழுதுங்கள், அதே நாளில் நானும் தேதி வாங்கிக்கொள்கிறேன்.