புதுப்பிப்பு: குளச்சல் பைபர் வள்ளம், சூடாகி நிற்கும் எஞ்சின்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: கரையேற்றிக் கிடந்த பழைய வள்ளம், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரத்தில் சூடாகி நிற்கும், எஞ்சின் மாட்டும் பின்பலகையும் ஆடுகிறது. பலரும் கார்புரேட்டரைச் சொன்னீர்கள். கோளாறு அங்கே இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் பம்பில்.

எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றினால், இம்பெல்லரின் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) ரப்பர் இறகுகள் வளைந்தபடியே விறைத்திருந்தன. ஒன்றின் நுனியே இல்லை. அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் புதுசு மாட்டினால், அது மேலே போய் தண்ணீர் வழியை அடைக்கும். இறகுகளில் லேசாக கிரீஸ் தடவி, ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே பம்பின் கூட்டை இறக்க வேண்டும். ஷாஃப்டில் உட்காரும் சின்னச் சாவி விழுந்துவிட்டால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், இம்பெல்லர் சுற்றாது, தண்ணீர் ஏறாது. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடிக்குள் உப்பு கல்லாகக் கட்டியிருந்தது, அதையும் சுரண்டியாச்சு. இப்போது டிரம் தண்ணீரில் ஓட்டினால் பக்கத் துவாரத்தில் தாரை நிற்காமல் வருகிறது.

கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தது, அதாவது உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது, மாற்றணும். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேலே வழிந்ததும் மேல் ஸ்க்ரூவை முதலில் மூடுங்கள்.

பின்பலகை உளுத்ததற்குக் காரணம் அடைக்காத போல்ட் ஓட்டைகள். உள்பக்க பைபர் தோலை வெட்டி, மக்கிய பலகையைத் தோண்டியெடுத்து, 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டியாச்சு. பாலியெஸ்டர் ரெசின் கிலோவுக்கு ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் மருந்து) 10 கிராம்; நம்ம ஊர் மத்தியான வெயிலில் அந்த அளவைக் கூட்டினால் கொதித்து வெடிப்பு விடும். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, இறுகியபின் நடுவில் திரும்பத் துளைத்தால் மரத்தில் தண்ணீர் படாது.