புதுப்பிப்பு: பிரேக் லைட் எச்சரிக்கை போய்விட்டது, காரணம் பல்பு இல்லை

போன மாதம் எழுதியிருந்தேன்: 2003 மாடல் ஜெர்மன் சொகுசு கார், பிரேக்கை மிதித்தால் பின் பிரேக் லைட் பழுது என்று டேஷ்போர்டில் வருகிறது, இறங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் எரிகிறது. பல்பை மாற்றச் சொன்னீர்கள். எல்இடி போட்டதும் எச்சரிக்கை அணையவே இல்லை. இந்த மாதிரி வண்டி, பல்பு இழுக்கும் கரண்டை வைத்துத்தான் பழுதைக் கண்டுபிடிக்கிறது. 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும், எல்இடி அதில் ஒரு துளிதான். மறுபடி 21 வாட் பல்பே போட்டேன். அப்போதும் பிரேக்கை மிதித்தால் வந்தது.

அப்புறம் கும்பகோணத்தில் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. "தம்பி, பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க" என்றார். மீட்டரின் ஒரு முனை இடது பல்பு ஹோல்டரின் எர்த்தில் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), இன்னொன்று பாடியில். 1.6 வோல்ட் காட்டியது. 0.1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அதாவது எர்த் இணைப்பு சரியில்லை, அதனால் பல்பு இழுக்கும் கரண்ட் குறைந்து எச்சரிக்கை வருகிறது. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால், எர்த்தின் பழுப்பு ஒயர்கள் சேரும் போல்ட்டில் புளி போட்டு விளக்காத செப்புக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு. ஐப்பசி மழை டிக்கி ரப்பர் வழியாக இறங்கியிருக்கிறது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒயர் முனையை மாற்றி, வாசலின் தடவி இறுக்கினார்.

பிரேக்கோடு இண்டிகேட்டர் போட்டால் இடது விளக்கு துடித்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது எர்த் கோளாறின் அடையாளம், உங்கள் வண்டியில் இருந்தால் விடாதீர்கள். இரவில் மயிலாடுதுறை ரோட்டில் நெல் லாரி பின்னால் வரும்போது மங்கலான பிரேக் லைட் பயங்கரம்.

பத்து நாளாக எச்சரிக்கை இல்லை. டிக்கி ரப்பர் மட்டும் மாற்ற வேண்டும்.