காளி எங்கே திருந்தினான்?

வைகைக்கரை:
நேற்று ஒற்றைவரி என்ற நண்பர் ஒரு டஜன் படங்களுக்குப் போகிற போக்கில் தீர்ப்பு எழுதியிருந்தார். தில்லானா மோகனாம்பாள்: "நீளம், ஆனால் பாலையா இருக்கிறார், சிவாஜியின் நாதஸ்வரம் அருமை." அவள் அப்படித்தான்: "பேச்சு அதிகம்." ஷோலே: "அம்ஜத் கான் இல்லையென்றால் படமே இல்லை." 96: "ராத்திரி முழுக்க நடக்கிறார்கள்." மேற்குத் தொடர்ச்சி மலை: "ஆவணப்படம் மாதிரி இருக்கிறது." இதெல்லாம் அவரவர் ரசனை, போகட்டும். ஆனால் முள்ளும் மலரும் படத்துக்கு அவர் எழுதியது இது: "ரஜினி பிரமாதம், கடைசியில் காளி திருந்தித் தங்கையை இன்ஜினியருக்கே கட்டி வைக்கிறான், சுபம்."

எங்கே திருந்தினான்? எந்தக் காட்சியில்? படம் முடிவதற்குச் சில நொடிகளுக்கு முன்புகூட, தங்கையை ஒப்படைத்த கையோடு, இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்த இன்ஜினியர் குமரன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். திருந்தியவன் பேசுகிற பேச்சா அது? 1978-இல் வந்த படம், இத்தனை வருஷமாகப் பேசப்படுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அதைக் காதில் வாங்காமல் சுபம் போட்டு மூடிவிட்டார்.

ஒற்றைவரி:
ஐயா, நான் எழுதியது சின்னச் சின்னக் கருத்துகள். ஆய்வுக் கட்டுரை இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன், காளி திருந்தினான். படம் முழுக்க "என் தங்கச்சி, என் இஷ்டம்" என்று நின்றவன், கடைசியில் அவள் இஷ்டத்துக்கு விடுகிறான். இதற்குப் பெயர் திருந்துவது இல்லையென்றால் வேறு என்ன? பிடிக்கவில்லை என்று சொல்வது ரஜினிக்குக் கைதட்டல் வாங்க வைத்த வசனம்.

வைகைக்கரை:
கைதட்டல் வசனமா! மகேந்திரன் படத்தில்! வசனம் எழுதியே பேர் வாங்கிய மனுஷன், பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற சினிமா அலுத்துப்போய், அதற்கு மாறாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்றுதான் இயக்கத்துக்கே வந்தார். அவர் முதல் படத்தின் கடைசி வாக்கியத்தைப் போய்க் கைதட்டலுக்காக வைத்தார் என்கிறீர்கள். நீங்கள் படத்தை முழுக்கப் பார்த்தீர்களா, இல்லை போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்தீர்களா?

கடைசிக் காட்சியை ஒழுங்காகப் பாருங்கள். ஊர்க்காரர்கள் சூழ, காளியின் மனைவி மங்காவும் துணைக்கு வர, தங்கை வள்ளி கல்யாணத்துக்குப் போகிறாள். வழியில் காளி ஒற்றை ஆளாக நிற்கிறான். அத்தனை பேரையும் விட்டுவிட்டு வள்ளி அண்ணனிடம் ஓடி வருகிறாள். அந்த இடத்தில் அவன் முகத்தில் என்ன இருக்கிறது? ஜெயித்துவிட்ட சந்தோஷம். எல்லாரும் என்னை விட்டுப் போனாலும் என் தங்கை என்னிடம் வந்துவிட்டாள் என்ற கர்வம். அந்தக் கர்வம் நிரம்பிய பிறகுதான் அவளைக் கொண்டுபோய் விடுகிறான். தோற்று, மனம் மாறி, அழுது கொடுக்கவில்லை. ஜெயித்துவிட்டுக் கொடுக்கிறான். இது திருந்துவது இல்லை.

பழைய டாக்கீஸ்:
இருவரும் பொறுங்கள். நான் அந்தப் படத்தை வந்த புதிதிலேயே தியேட்டரில் பார்த்தவன். "செந்தாழம் பூவில்" பாட்டு படத்தில் இருப்பதற்கே கமல்ஹாசன்தான் காரணம், தெரியுமா? தயாரிப்பாளர் பணம் தர மாட்டேன் என்று சொல்லி, கமல் உதவி செய்துதான் அந்தப் பாட்டை எடுத்தார்கள். மகேந்திரனே சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தில் எந்த நடிகர் இன்னொரு நடிகர் படத்துக்கு இப்படிச் செய்வார்?

நெல்லைத்தம்பி:
எல்லாப் பெரியவர்களுக்கும் வணக்கம். எனக்கு ஒன்று புரியவில்லை. தங்கை கல்யாணத்துக்கு அனுமதி கொடுக்க இவன் யார்? திருந்தினானா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால், வள்ளி ஏன் நடுவழியில் ஓடி வந்து அவன் காலடியில் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. இன்றைக்கு இப்படி ஒரு அண்ணனை எடுத்தால் டாக்ஸிக் என்பார்கள். பரியேறும் பெருமாள் எடுத்த காலத்தில் இருந்துகொண்டு இதைப் போய்க் கொண்டாடுகிறீர்கள்.

அப்புறம், 96 பற்றி "ராத்திரி முழுக்க நடக்கிறார்கள்" என்று எழுதியவர் ஜானு பாடுகிற இடத்தை மட்டும் திரும்பக் கேளுங்கள். ராம் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த பாட்டு, அவள் அதுவரை பாடவே இல்லை, கரண்ட் போன நேரத்தில் "யமுனை ஆற்றிலே" என்று எடுக்கிறாள், அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறான். இதை நடப்பது என்று எழுத எப்படி மனசு வந்தது?

வைகைக்கரை:
தம்பி, கொண்டாடுகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? காளி நல்லவன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் கெட்டபய. அவனே சொல்லிக்கொள்கிறான். கை போன பிறகு, வேலையும் இல்லை என்று ஆன பிறகு, குமரன் எதிரில் நின்று அவன் பேசுகிற அந்த இடம்தான் உங்களுக்கு நான் காட்ட வேண்டியது. லாரி ஏறி இடது கை போயிற்று. வின்ச் என்கிற இழுவை வண்டி ஓட்டுகிறவனுக்குக் கை போனால் பிழைப்பே போயிற்று. அழுதிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். இரண்டு கையும் இரண்டு காலும் போனாலும் பிழைத்துக்கொள்வான் இந்தக் காளி என்கிறான். கையை இழந்தும் திருந்தாதவன், தங்கை ஓடி வந்ததும் திருந்திவிட்டானாம்.

படத்தைக் கெடுப்பது இந்தத் திருந்துகிற கதைதான். நம் சினிமாவில் கடைசி ரீலில் எல்லாரும் திருந்துவார்கள், மாமியார் திருந்துவாள், பண்ணையார் திருந்துவார், போலீஸ் ஜீப் வந்து நிற்கும். அதிலிருந்து விலகி நின்ற படத்தை இழுத்து வந்து அதே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார் ஒற்றைவரி.

ஒற்றைவரி:
திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னால் உண்மையாகிவிடாது. சம்மதித்தானா? சம்மதித்தான். தன் கையாலேயே கொண்டுபோய் விட்டானா? விட்டான். படத்தின் முதல் பாதிக் காளி இதைச் செய்திருப்பானா? மாட்டான். அப்படியென்றால் திருந்தியிருக்கிறான். இதில் புரியாதது என்ன?

இரண்டாம் ஆட்டம்:
திருந்துவது என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே. நடத்தை மாறினால் போதுமா, மனசு மாற வேண்டுமா?

கதையின் மூலம் உமாசந்திரன் எழுதிய நாவல், கல்கி பரிசு வாங்கியது. அதில் காளியின் கை புலியால் போகிறது. மகேந்திரன் புலியை எடுத்துவிட்டு லாரியை வைத்தார், முடிவையும் தன் போக்கில் அமைத்தார். நாவலைப் படித்துவிட்டு வந்தால் காளி யார் என்பது இன்னும் தெளிவாகும்.

வைகைக்கரை:
நாவல் வேறு, படம் வேறு. இங்கே பேசுவது படம். புலி வந்தாலும் லாரி வந்தாலும் காளி திருந்தவில்லை.

செல்வி_தஞ்சை:
ஆண்கள் எல்லாரும் காளியைச் சுற்றியே நிற்கிறீர்கள். மங்கா என்று ஒருத்தி அந்தப் படத்தில் இருக்கிறாள், ஞாபகம் இருக்கிறதா? படாபட் ஜெயலட்சுமி. பசி தாங்க மாட்டாள், வாய்க்கு ருசியாகத் தின்ன ஆசைப்படுவாள், "நித்தம் நித்தம் நெல்லுச்சோறு" என்று வாணி ஜெயராம் குரலில் மீன்குழம்பை அவள் வர்ணிக்கிற அழகுக்கு ஈடு கிடையாது. அப்படி விளையாட்டுப் பிள்ளையாக வந்தவள், புருஷன் சொல்லை மீறி நாத்தனார் பக்கம் நிற்கிறாள். படத்தில் யாராவது மாறினார்கள் என்றால் அது மங்கா. அவளைப் பற்றி ஒற்றைவரியும் எழுதவில்லை, அவரைத் திட்டுகிறவரும் எழுதவில்லை.

"அவள் அப்படித்தான் பேச்சு அதிகம்" என்றதற்கும் எனக்குக் கோபம். அதே 1978-இல் ருத்ரய்யா கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். கடைசியில் காரில் நாயகி மஞ்சு, கமல் நடித்த அருணின் புது மனைவியிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். எனக்கு அதைப் பற்றித் தெரியாது என்கிறாள் அந்தப் பெண். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. இவ்வளவுதான். இதில் எங்கே பேச்சு அதிகம்?

ஒற்றைவரி:
அம்மா, கடைசிக் காட்சியில் பேச்சு குறைவு, சரி. அதற்கு முன்னால்? கமல் ஆவணப்படம் எடுக்கிறேன் என்று தெருவில் பெண்களை நிறுத்தி நிறுத்திப் பேட்டி எடுக்கிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

செல்வி_தஞ்சை:
அது நிஜப் பெண்களின் பேச்சு. உங்களுக்கு அது பேச்சு அதிகமாகத்தான் கேட்கும்.

பழைய டாக்கீஸ்:
"சிவாஜியின் நாதஸ்வரம் அருமை" என்று எழுதியிருப்பதை யாரும் கவனிக்கவில்லையா? வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி உதட்டையும் கன்னத்தையும் விரலையும் அதற்குப் பொருத்தி நடித்தார், அந்த மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அவரே வாசிக்கிறார் என்று சத்தியம் செய்வோம். நடிப்பு அவருடையது, நாதஸ்வரம் அவர்களுடையது. ஒரு வரியில் எழுதுகிறபோது வாசித்தவர் பேர்தான் முதலில் காணாமல் போகிறது.

ஒற்றைவரி:
அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. சிவாஜி நடிப்பைத்தான் சொன்னேன் என்று யாருக்கும் புரியும். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே வந்திருக்கிறீர்கள் எல்லாரும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் தெரிந்ததைத் தப்பாக எழுதினால் தப்பு சரியாகிவிடுமா? இவருக்கு இதுவே பழக்கம். போன வருஷம் அன்பே சிவம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், "கடைசியில் மாதவன் திருந்துகிறார், படம் முடிகிறது" என்றார். அப்போது நான் அவ்வளவு எடுத்துச் சொல்லியும் பதில் சொல்லாமல் ஓடிப்போனார். எல்லாப் படத்திலும் யாராவது திருந்தியாக வேண்டும் இவருக்கு.

மகேந்திரனின் அடுத்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பூக்கள், 1979. புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து தொடங்கியது. சுந்தரவடிவேலுவாக விஜயன். ஊரே சேர்ந்து அவனை ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. சாகப்போகிற நேரத்தில் மன்னிப்புக் கேட்கிறானா? நல்லவர்களாக இருந்த உங்களையெல்லாம் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிறான். சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். ஊர்க்காரர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அடுத்த வருஷமே இப்படி ஒரு ஆளை எழுதியவர், காளியைத் திருத்தி வீட்டுக்கு அனுப்பியிருப்பாரா?

ஒற்றைவரி:
ஓடிப்போகவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். அதை அன்றைக்கே சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. மாதவன் அன்பே சிவத்தில் மாறுகிறாரா இல்லையா? விமானம் கிடைக்காமல் புவனேஸ்வரத்தில் உட்கார்ந்து எரிந்து விழுந்தவர், கடைசியில் அந்த மனிதரைச் சொந்த அண்ணனாக நினைத்து வீட்டுக்குக் கூட்டி வருகிறார்.

நீங்கள் சொல்கிற சுந்தரவடிவேலுவே தான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறானே! எனக்குச் சாதகமான சாட்சியை நீங்களே கொண்டுவந்திருக்கிறீர்கள்.

வைகைக்கரை:
அது ஒத்துக்கொள்வதா! ஊர்க்காரர்களின் நல்லபேரையும் பறித்துக்கொண்டு போகிறான் ஐயா. நீங்களும் கொலைகாரர்கள்தான் என்று முகத்தில் எழுதிவிட்டுப் போகிறான். இதைக்கூடத் திருந்துவது என்று படித்தால் உங்களிடம் என்ன பேசுவது? காளி விஷயத்துக்கே வருகிறேன். இப்பவும் பிடிக்கவில்லை என்கிறான். "இப்பவும்." ஒரே ஒரு கேள்வி, திருந்தியிருந்தால் அதை ஏன் சொல்ல வேண்டும்?

நெல்லைத்தம்பி:
பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டும் விடுகிறான் என்றால் அது நேர்மை, அவ்வளவுதான். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவன் சம்மதம் எதற்கு?

ஷோலே பற்றியும் சொல்ல வேண்டும். முடிவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அதில் சஞ்சீவ் குமார் நடித்த தாக்கூர், ஆணி வைத்த செருப்பால் அம்ஜத் கான் நடித்த கப்பரை மிதித்துக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். 1975, எமர்ஜென்சி நேரம், சென்சார் விடவில்லை, போலீஸ் வந்து பிடித்துப் போவதாக மாற்றினார்கள். அதைத்தான் நாம் இத்தனை வருஷமும் பார்த்தோம். அம்ஜத் கான் இல்லையென்றால் படமே இல்லை என்பவர், இரண்டு கையும் இல்லாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு படம் முழுக்க நிற்கிற சஞ்சீவ் குமாரை எங்கே விட்டார்?

இரண்டாம் ஆட்டம்:
திருந்துவது என்றால் என்ன என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

செல்வி_தஞ்சை:
மங்காவைப் பற்றியும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒற்றைவரி:
கடைசிப் பத்து நிமிடத்தை இப்போதுதான் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் கண் கலங்குகிறது. நன்றாகவே கலங்குகிறது. பாலு மகேந்திரா கேமராவை அங்கே சும்மா கொண்டுபோய் வைக்கவில்லை. காளி திருந்தினான் என்றுதான் அடுத்த பட்டியலிலும் எழுதுவேன்.

வைகைக்கரை:
கண் கலங்கினால் திருந்திவிட்டதாக அர்த்தமா? தங்கையை அனுப்புகிற எந்த அண்ணனுக்குக் கலங்காது? நானும் இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். பிடிக்கவில்லை என்று சொல்லும்போது அவன் குரல் இறங்கவே இல்லை. வேலை போன அன்றைக்குக் குமரன் எதிரில் நின்ற அதே நிமிர்வு. எழுதுங்கள், அடுத்த பட்டியலிலும் எழுதுங்கள், நானும் அங்கே வந்து இதையேதான் சொல்வேன்.

நெல்லைத்தம்பி:
அடுத்த பட்டியலில் 96-ஐயும் திருத்தி எழுதுங்கள் சார்.

ஒற்றைவரி:
முடியாது. நடக்கத்தான் செய்கிறார்கள்.