பழைய பிரித்தானிய நாணயங்கள் ஏலத்துக்குப் போகின்றன: பென்னி வரிசையைப் பிரிக்க விடலாமா?

முன்னாள் கண்டக்டர் (தென் லண்டன்)

வணக்கம். நான் 1967இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து பஸ் கண்டக்டராகச் சேர்ந்தவன். அன்றைக்கு ஒரு பவுணுக்கு 240 பென்னி. அத்தனையும் சேர்ந்தால் இரண்டே கால் கிலோவுக்கு மேல் வரும். மாலையில் தோல்பை தோளை அறுக்கும். கணக்குக் கொடுக்க அந்தக் காசை மேசையில் கொட்டும்போது, கொண்டை போட்ட இளம் விக்டோரியா ராணியின் பென்னிகளும் கலந்து கிடக்கும். 1860இல் அடித்த காசை 1968இல் ஒருவர் டிக்கெட்டுக்குத் தந்தார் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

என் சொந்தக் காசு ஒரு பென்னியைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். வீட்டில் சின்னக் காகித உறையில் இட்டு, எந்தத் தடம், எந்த இடம், என்ன தேதி என்று தமிழில் எழுதுவேன். '36, லூயிஷம், 3.2.1969' என்ற உறையில் இருப்பது 1919ஆம் ஆண்டுப் பென்னி. தேதிக்கு இடப்பக்கம் கே.என். என்று பொடி எழுத்துகள்: பர்மிங்காமின் கிங்ஸ் நார்ட்டன் ஆலையில் அடித்தது. மழை பெய்த நாள். காசு ஈரமாக இருந்தது, பெருவிரலால் துடைத்தபோது அந்த எழுத்து தெரிந்தது.

1971 ஆகஸ்ட் இறுதியோடு பழைய பென்னி செல்லாமற் போனது. அதற்குள் 1860 முதல் 1967 வரை, அடித்த ஆண்டுக்கு ஒன்றாக, வரிசையை நிரப்பிவிட்டேன். 1933, 1952, 1954 எல்லாம் என் போன்றவர் கைக்கு வராதவை. 1950, 1951 இரண்டையும் கடையில் வாங்கினேன். மற்றவை முழுவதும் பஸ்ஸில் வந்தவை. பின்னாளில் சாரிங் கிராஸ் சனிக்கிழமைச் சந்தையில் வெள்ளிக் காசுகள் வாங்கினேன். அவற்றில் 1905ஆம் ஆண்டு அரை கிரவுன் ஒன்று உண்டு. சவரன் என்னும் பிரித்தானியத் தங்கக் காசுகள் மூன்றும் இருக்கின்றன.

இப்போது மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன், வைக்க இடமில்லை. ஒரு கடைக்காரர் வெள்ளிக் காசு எல்லாவற்றையும் ஒரே தராசில் கொட்டி எடைக்கு விலை சொன்னார். "1905ஐயுமா?" என்று கேட்டேன். "வெள்ளி வெள்ளிதானே" என்றார். பையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஓர் ஏல நிறுவனம், பென்னி வரிசையிலிருந்து 1869, 1918 கே.என்., 1919 கே.என். மூன்றையும் தனித்தனியே ஏலம் விட்டு, மிச்சத்தை மொத்தமாகப் போடலாம் என்கிறது. எனக்கு மனம் வரவில்லை. வரிசையைப் பிரிக்காமல் கொடுத்தால் பெரிய நட்டமா? காசுகளைப் பளபளப்பாகத் துலக்கிக் கொடுக்கவேண்டுமா?

நாணயமேசை

ஐயா, முதலில் இரண்டாவது கேள்வி. துலக்கவே வேண்டாம். எலுமிச்சை, புளி, பாலிஷ் எதுவும் கூடாது. துலக்கிய காசைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும், விலை பாதியாகிவிடும்.

அந்தத் தராசுக்காரரிடமிருந்து தப்பினீர்கள். 1920க்கு முந்தியவை 92.5 விழுக்காடு வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947இலிருந்து துளியும் இல்லை. இவற்றை ஒன்றாகக் கொட்டி எடை போட்டாலே ஏமாற்றம் தொடங்கிவிடுகிறது. 1905 அரை கிரவுன் 1,66,000 அளவில்தான் அடிக்கப்பட்டது. அதனாலேயே அதற்குப் போலிகள் மிகுதி. அசல் எடை 14.14 கிராம், தேய்ந்ததில் சற்றுக் குறையும். ஏல நிறுவனத்தின் நிபுணர் கையில் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: உங்களிடம் எடுக்கும் தரகு எவ்வளவு, படத்துக்குத் தனிக் கட்டணமா, விற்காவிட்டால் என்ன செலவு. தரகைப் பேசிக் குறைக்கலாம். வாங்குபவரும் தன் பங்குக்கு 20 விழுக்காடோ அதற்கு மேலோ கட்டுகிறார். அதைக் கழித்துக்கொண்டுதான் அவர் கை உயர்த்துவார். 1905க்கு மட்டும், இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று ஒரு விலை வைக்கச் சொல்லுங்கள். சவரன்களுக்கு மூலதன ஆதாய வரி இல்லை.

பென்னி வரிசையைப் பொறுத்தவரை நான் அந்த நிறுவனத்தோடு ஒத்துப்போகவில்லை. கே.என். பென்னி நல்ல நிலையில் கிடைப்பதுதான் அரிது. உங்களுடையது பஸ்ஸில் புழங்கித் தேய்ந்தது. அதைத் தனியாகப் பிடுங்கினால் பெரிய தொகை வராது, வரிசையில் மட்டும் ஓட்டை விழும்.

லெஸ்டர் மகள்

ஐயா, அந்த உறைகளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். என் அப்பாவின் காசுகளை விற்கும்போது அவருடைய பழைய உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, நானே புதுப் பிளாஸ்டிக் உறைகள் வாங்கி அடுக்கினேன். மதிப்பிட வந்தவர் முதலில் கேட்டது, "அவர் கைப்பட எழுதிய சீட்டுகள் எங்கே?" என்பதுதான். காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சியாம். குப்பை வண்டி போய் மூன்று நாளாகியிருந்தது.

உங்கள் உறைகளில் தடம் எண்ணும் தேதியும் இருக்கின்றன. கோவென்ட் கார்டனில் இருக்கும் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லமுடியாது, கேட்பதில் தவறில்லை.

முன்னாள் கண்டக்டர்

இருவருக்கும் நன்றி. வெள்ளியும் சவரனும் ஏலத்துக்குப் போகட்டும். பென்னி வரிசை உறைகளோடு ஒன்றாக நிற்கும். அருங்காட்சியகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். அவர்கள் மறுத்தால், வரிசையை ஒரே தொகுதியாகப் போட ஒப்புக்கொள்ளும் நிறுவனத்திடம் மட்டும் கொடுப்பேன்.

நேற்றிரவு எல்லாவற்றையும் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 1882ஆம் ஆண்டுப் பென்னியில், பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையைக் குறிக்கும் 'எச்' எழுத்து இல்லாதது மிக அரிது என்பார்கள். என்னுடையதில் தேதிக்குக் கீழே வெறுமையாகத் தெரிந்ததும் நெஞ்சு படபடத்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். 'எச்' இருக்கிறது, ஒரு கால் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. உறையில் 'கேட்ஃபோர்ட், கடைசி பஸ்' என்று எழுதியிருக்கிறேன். அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.