வகுப்பறைப் பதிவு: குரல் எதிரொலிக்கிறது, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது, பலகை படிக்க முடியவில்லை

கணக்கு டீச்சர்:

வணக்கம். கலைக்கல்லூரி ஒன்றில் இளநிலை இரண்டாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். எங்கள் மாணவர்களில் பலர் ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று வேலைக்கும் போகிறவர்கள், ஷிஃப்ட் மாறினால் காலை வகுப்பு போய்விடுகிறது. அவர்களுக்காக வகுப்பை அப்படியே பதிவுசெய்து கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோ வேண்டாம். ஒரு பையன் நடுவில் எழுந்து “மேடம், அந்த எப்சிலான் எங்கிருந்து வந்தது?” என்று கேட்பதும், அதற்கு நான் பலகையில் படம் போட்டுக் காட்டுவதும் சேர்ந்ததுதான் பாடம்.

அறை சுமார் 40 அடி நீளம், 25 அடி அகலம். கான்கிரீட் கூரை, மொசைக் தரை, ஆறு ஃபேன். துறைக்கென்று வாங்கிய மிரர்லெஸ் கேமராவைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன். எச்டிஎம்ஐ கேபிள், கேமராவின் படத்தையும் ஒலியையும் லேப்டாப்புக்குள் எடுக்கும் கேப்சர் கார்டு வழியாகப் போய் ஓபிஎஸ் என்ற பதிவு சாஃப்ட்வேரில் பதிவாகிறது.

கேமராவின் சொந்த மைக்கில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வருகிறது. மேடை மைக்குக்கான ஆம்ப்ளிஃபயர் பின்பக்க அலமாரியில்தான் இருக்கிறது, அதன் லைன் அவுட்டிலிருந்து (வேறு கருவிக்கு ஒலி அனுப்பும் துளை) ஒரு ஒயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகிப் பார்த்தேன். ‘ம்ம்ம்’ என்று தொடர்ந்து ஒரு இரைச்சல், குரலும் உடைந்து கரகரக்கிறது. சட்டைக் காலரில் மாட்டும் மைக்கை போனில் இணைத்துத் தனியாகப் பதிந்து பிறகு வீடியோவோடு சேர்த்தால் குரல் தெளிவு, ஆனால் தொடக்கத்தில் பொருந்திய உதடும் குரலும் வகுப்பு முடிவதற்குள் விலகிப் போகின்றன. பலகையில் எழுத்தின் கீழ் மூலையில் போடும் சிறிய கீழ்க்குறிகள் படிக்க முடிவதில்லை, நான் பலகையைக் கடந்து நடந்தால் படம் முழுக்க வெளிச்சம் கூடிக் குறைகிறது. துறையில் இன்னும் ஒரு பொருள் வாங்கத்தான் பணம் தருவார்கள். எதை வாங்கட்டும்?

குறும்பட எடிட்டர்:

கேமராவுக்கு மேல் ஒரு ஷாட்கன் மைக் மாட்டுங்கள் மேடம். முன்னால் இருப்பதை மட்டும் எடுக்கும்.

மைக்செட்:

தம்பி, வெளிப்புறத்தில் அது சரி. அந்த அறையில் வேலைக்கு ஆகாது. நேராக வரும் குரல், தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆனால் சுவர், கூரை, தரையில் பட்டுத் திரும்பும் சத்தம் அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். மேடம் வாய்க்கும் கேமராவுக்கும் 35 அடி. அதே மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருந்தால் நேர்க்குரல் சுமார் 33 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், எதிரொலி அதே அளவில் நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாட்கன் ஆனாலும் அந்த 35 அடியை ஈடுகட்டாது, எதிரொலி அதன் முன்பக்கத்திலிருந்தும்தானே வருகிறது?

மேடம், வயர்லெஸ் காலர் மைக் செட் ஒன்று வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சின்னப் பெட்டி வகை போதும், ஆனால் நீங்கள் மாட்டிக்கொள்ளும், குரலை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் வெளி மைக் செருகும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் குரலை வாங்கும் ரிசீவரை லேப்டாப்பில் செருகாதீர்கள், கேமராவின் மைக் துளையில் செருகுங்கள். அப்போது குரல் படத்தோடு சேர்ந்து அதே எச்டிஎம்ஐ கேபிளில் வரும். ஆம்ப்ளிஃபயர் பக்கமே போக வேண்டாம், இரைச்சல் இல்லை; தனி போன் இல்லை, விலகலும் இல்லை. நீங்கள் சொன்ன மூன்று பிரச்சினைக்கும் ஒரே பொருள்.

கேமராவில் ஒலி அளவு ஆட்டோவில் இருந்தால் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் நீங்கள் பேச்சை நிறுத்தி எழுதும்போதெல்லாம் அது ஃபேன் சத்தத்தை மேலே தூக்கும். நீங்கள் சத்தமாகப் பேசும் இடத்தில் ஒலி அளவு காட்டும் மீட்டர் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும், பூஜ்யத்தைத் தொடக்கூடாது.

எலக்ட்ரிகல் லேப்:

அந்த ‘ம்ம்ம்’ பற்றி ஒரு சோதனை. பதிவு ஓடும்போதே லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் அது எர்த் லூப். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், சார்ஜருக்கு இன்னொரு எர்த், இரண்டையும் உங்கள் ஆடியோ ஒயர் சேர்த்து வளையமாக்கிவிடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 50-ம் அதன் மடங்குகளான 100, 150-ம் கேட்கும். சார்ஜரைக் கழற்றிய பிறகும் இரைந்தால் ஒயரைச் சுற்றி வெளி இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு சரியில்லை, அல்லது மின்கம்பியோடு ஒட்டி ஓடுகிறது.

குரல் உடைவது வேறு விஷயம். லைன் அவுட்டில் வரும் சிக்னல் மைக் துளை எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரியது, உள்ளே நுழையும்போதே மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். பிறகு சாஃப்ட்வேரில் எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை உடைத்துவிடு என்று யாராவது சொல்வார்கள், நிறைய மேடைகளில் அப்படிச் செய்தும் வைத்திருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் ஏதாவது பழுதாகி அதன் உடலில் மின்சாரம் ஏறினால், நீங்கள் கையில் பிடித்திருக்கும் மைக் வரை அது வரும். லூப்பை உடைக்க ஆடியோ ஒயருக்கு நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசோலேட்டர் போடலாம். மைக்செட் சார் சொன்ன வழியில் போனால் அதுவும் தேவையில்லை, ரிசீவர் பேட்டரியில் ஓடுவதால் அதன் வழியாக இரண்டாவது எர்த் வராது, வளையமும் உருவாகாது.

கணக்கு டீச்சர்:

சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றுவிட்டது, நன்றி சார். துறைத்தலைவரிடம் காட்டிவிட்டேன், வயர்லெஸ் செட்டுக்கு ஒப்புக்கொண்டார். அது வருவதற்குள் பலகைக்கு வழி சொல்லுங்கள். போன் பதிவு ஏன் விலகுகிறது என்பதும் தெரிந்துகொள்ள ஆசை.

குறும்பட எடிட்டர்:

விலகலுக்குக் காரணம் இரண்டு கருவிகளுக்கும் தனித்தனி கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 50 நிமிட வகுப்பில் 0.15 வினாடி தள்ளிப்போகும், விநாடிக்கு 30 ஃப்ரேம் வீடியோவில் நான்கு ஃப்ரேமுக்கு மேல், உதட்டைப் பார்க்கிறவருக்கு உறுத்த ஆரம்பிக்கும். பழைய பதிவுகளை இன்னும் காப்பாற்றலாம். தொடக்கத்தில் ஒரு இடத்தையும் முடிவில் ஒரு இடத்தையும் பொருத்திவிட்டு, ஆடியோவை மட்டும் சுருதி மாறாமல் அந்த அளவுக்கு நீட்டினால் நடுப்பகுதி தானாகப் பொருந்தும். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் ஒருமுறை கைதட்டிவிட்டால் பொருத்துவது சுலபம்.

பலகைக்கு வருகிறேன். இப்போது ஃப்ரேமில் எத்தனை அடி சுவர் தெரிகிறது? 20 அடி என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சலை 20-ஆல் வகுத்தால் அடிக்கு 96, அதாவது அங்குலத்துக்கு 8 பிக்சல். நீங்கள் ஓர் அங்குல உயரத்தில் எழுதும் கீழ்க்குறிக்கு மொத்தமே எட்டு வரிசைப் புள்ளிதான், அதில் i-யும் j-யும் எப்படிப் பிரியும்? ஜூம் செய்து 12 அடிப் பலகையை மட்டும் ஃப்ரேமில் நிரப்புங்கள், அங்குலத்துக்கு 13 ஆகிவிடும். கீழ்க்குறியை ஒன்றரை அங்குலமாக எழுதினால் 20 பிக்சல், போனில் பார்க்கிற மாணவருக்கும் தெரியும். கூரையும் முன் பெஞ்சுத் தலைகளும் படத்தில் வேண்டியதில்லை. மாணவர்கள் முகம் பதிவில் வராமல் இருப்பதும் நல்லதுதான்.

வெளிச்சம் ஏறி இறங்குவதற்குக் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. வெளிர் நிறப் புடவையில் கரும்பலகைக்கு முன்னால் வந்ததும் கேமரா படத்தின் வெளிச்சத்தைக் குறைக்கிறது, விலகியதும் கூட்டுகிறது. மேனுவலுக்கு வாருங்கள், ஷட்டர் 1/50 வினாடி. ட்யூப்லைட் நம் ஊரில் வினாடிக்கு 100 முறை மினுக்கும், 1/60-ல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஊர்ந்து போகும், 1/50 அல்லது 1/100-ல் போகாது. நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். ஃபோகஸும் மேனுவல்தான்: பலகையில் ஒரு கோடு போட்டு, கேமரா திரையில் பெரிதாக்கி, சாக்பீஸின் துகள் தெரியும்வரை திருகி அப்படியே விட்டுவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அது உங்கள் முகத்தையே துரத்தும்.

ஓபிஎஸ்ஸில் பதிவுத் தரம் ‘ஸ்ட்ரீம் அளவே’ என்று இருந்தால் அதை மாற்றி உயர்தரம் வையுங்கள், பிட்ரேட் (வினாடிக்குப் பதியும் தரவின் அளவு) குறைந்தால் சாக்பீஸ் கோடுதான் முதலில் கரையும். கோப்பு வகை எம்கேவி. கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும், சாதாரண எம்பி4 முழுக்கவே திறக்காமல் போகலாம். வகுப்பு முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் மெனுவிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

கணக்கு டீச்சர்:

செட் வந்துவிட்டது. குரல் அருமை, எதிரொலி பெரும்பாலும் போய்விட்டது, பலகையில் கீழ்க்குறி வரை படிக்க முடிகிறது. ஒரு மாணவி வேலை முடிந்து பேருந்தில் வரும்போது ஹெட்போனில் முழு வகுப்பும் கேட்டதாகச் சொன்னாள், அன்றைக்கு நாள் முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது. இரண்டு தொந்தரவு மிச்சம். பலகை பக்கம் திரும்பி எழுதும்போது குரல் விட்டு விட்டு வருகிறது. அப்புறம் ‘டிக் டிக்’ என்று ஒரு தட்டும் சத்தம், எங்கிருந்து என்று பிடிபடவில்லை.

மைக்செட்:

விட்டு விட்டு வருவது உங்கள் உடம்பு மறைப்பதால். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சும். டிரான்ஸ்மிட்டர் மார்புப் பக்கம் இருந்து நீங்கள் பலகையைப் பார்த்து நின்றால், ரிசீவருக்கும் அதற்கும் நடுவில் நீங்களே சுவர். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒயர் காலர் மைக்கை டிரான்ஸ்மிட்டரில் செருகுங்கள், பெட்டியை இடுப்புக்குப் பின்னால் மாட்டுங்கள், அப்போது எழுதும்போது அது ரிசீவரைப் பார்த்து இருக்கும். செருகும் முன் பிளக்கில் எத்தனை கறுப்பு வளையம் என்று பாருங்கள், போனுக்கான மைக்கில் மூன்று இருக்கும், டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் இரண்டு வளையத்தைத்தான் எதிர்பார்க்கும். அப்படியானால் சின்ன மாற்றி ஒன்று தேவை. ரிசீவரைக் கேமராவின் தலைமேல் வையுங்கள், மாணவர் தலைகளுக்கு மேலே இருக்கட்டும்.

தட்டும் சத்தத்துக்குப் பெரும்பாலும் செயின்தான் காரணம், இல்லாவிட்டால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. முந்தானை இடது தோளில் இருப்பதால் மைக்கை ரவிக்கைக் கழுத்தின் வலது ஓரத்தில், செயின் ஆடினாலும் எட்டாத இடத்தில் குத்துங்கள். ஒயரை ஒரு சின்ன வளையமாகச் சுற்றி கிளிப்புக்குள் மாட்டினால் ஒயர் உரசுவதும் மைக்குக்கு ஏறாது. அட்டையை வகுப்பு முடியும்வரை மேசையில் வைத்துவிடுங்கள். மேடைக்கு நேர் மேலே இருக்கும் ஃபேனை மட்டும் நிறுத்துங்கள், மற்றவை ஓடட்டும், பிள்ளைகள் வெயிலில் வாட வேண்டாம்.

இன்னொன்று, காலி அறையில் சோதித்து முடிவுக்கு வராதீர்கள். உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும், நிறைந்த வகுப்பில் எதிரொலி எப்போதும் குறைவு.

கணக்கு டீச்சர்:

செயின்தான்! இடம் மாற்றியதும் நின்றுவிட்டது. பெட்டியைப் பின்னால் மாட்டியதில் இன்று குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை. மாணவர்கள் கேட்கும் கேள்விதான் இப்போது பதிவில் மெலிதாக இருக்கிறது.

மைக்செட்:

செட்டில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் இருந்தால் இரண்டாவதைக் கேட்கிறவர் கையில் கொடுங்கள், மற்ற நேரம் அதை மியூட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் அதுவழியாக எதிரொலி மறுபடி உள்ளே வந்துவிடும். கைக்குக் கை போக நேரமாகிறது என்றால் கேள்வியை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தொடங்குங்கள், பின் பெஞ்சில் இருப்பவருக்கும் அப்போதுதான் கேட்கும்.