65 ஏயா, 65 பியா?

*நம்ம வீட்டு ஆட்கள்*

*சனிக்கிழமை*

கார்த்தி, காலை 9:12
ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் பார்த்து வைத்திருக்கிறேன். 1965, ஹார்ட்டாப் (மடிக்க முடியாத கூரை), வெள்ளை. உள்ளே கருப்பு இருக்கை, முதுகில் குதிரைகள் ஓடுகின்றன. தொழிற்சாலையிலிருந்தே வந்த போனி இன்டீரியர் என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். நாளைக் காலை நேரில் போகிறேன்.
(6 படங்கள்)

அக்கா, 9:15
குதிரை நன்றாக இருக்கிறதே!

மாமா, 9:16
ஏற்கெனவே உன் கராஜில் ஒன்று ஓடாமல் நிற்கிறது. இப்போது குதிரை வேறா?

சித்தப்பா, 9:31
கார்த்தி, இருக்கையை விடு. மீட்டர் பக்கம் நேராக எடுத்த படம் இருக்கிறதா?

கார்த்தி, 9:32
நான்காவது படம் பாருங்கள் சித்தப்பா.

சித்தப்பா, 9:36
பார்த்தேன். வேகமானி நீளமாகப் படுத்திருக்கிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கார்த்தி, 9:36
பழைய வண்டியில் அப்படித்தானே இருக்கும்?

சித்தப்பா, 9:44
சாதாரண 1965இல் அப்படித்தான் இருக்கும். ஃபோர்டு தன்னுடைய ஃபால்கன் காரின் மீட்டர் பாணியையே அதற்கும் கொடுத்தது. ஆனால் நீ சொல்கிற போனி இன்டீரியர் வேறு. ஃபோர்டு அதற்கு வைத்த பெயர் இன்டீரியர் டெகார் குரூப். போனி என்பது குதிரையைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர். அதில் ஐந்து வட்ட மீட்டர் இருக்கும், மீட்டர் பலகை முழுக்க மர வரி இருக்கும். உன் படத்தில் கிளவ் பாக்ஸ் கதவில் மர வரி இருக்கிறது, மீட்டரைச் சுற்றி இல்லை. சட்டை ஒருவனுடையது, வேட்டி இன்னொருவனுடையது.

அக்கா, 9:47
அப்போது ஐந்து வட்டம் இருந்தால் ஒரிஜினல் என்று நம்பலாமா சித்தப்பா?

சித்தப்பா, 9:52
அதையும் நம்ப முடியாது. 1965 ஏப்ரலில் வந்த ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் தொகுப்பிலும் ஐந்து வட்டம் உண்டு. 1966 வந்ததும் எல்லா மஸ்டாங்குக்கும் அதையே போட்டுவிட்டார்கள். அதனால் 66 வண்டியில் ஐந்து வட்டத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 65 வண்டியில் அது இல்லாவிட்டால்தான் செய்தி.

மாமா, 9:53
இல்லாததும் ஒரு சாட்சியா! வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர்.

கார்த்தி, 9:55
யாராவது பின்னால் மீட்டரை மட்டும் மாற்றியிருக்கலாமே?

சித்தப்பா, 10:03
மாற்றியிருக்கலாம். அதனால்தான் ஒரு பொருளை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்கிறேன். நாளை போனதும் ஓட்டுநர் கதவைத் திற. கதவு மூடும் பக்கத்து ஓரத்தில், தாழ்ப்பாள் அருகே, ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைப் படம் எடு, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கதவின் உள் பக்கம் முழுவதும் ஒரு படம். அப்புறம் பானெட்டைத் தூக்கி இடது பக்கம் ஒரு எண்ணைத் தேட வேண்டும், அதை நாளை சொல்கிறேன். குதிரையைப் படம் எடுக்க வேண்டாம், அது போதும் போதும் என்று இருக்கிறது.

அம்மா, 10:20
வெயிலில் அலையாதே கார்த்தி. தண்ணீர் எடுத்துக்கொண்டு போ.

*ஞாயிற்றுக்கிழமை*

கார்த்தி, காலை 10:41
வந்துவிட்டேன். தகடு இதோ.
(படம்)
பாடி 65 ஏ. கலர் எம். டிரிம் 26. டேட் 18 எல். டி.எஸ்.ஓ. 71. வண்டி எண் 5 ஆர் 07 சி என்று ஆரம்பிக்கிறது.

சித்தப்பா, 10:46
முடிந்தது கதை.

கார்த்தி, 10:46
என்ன முடிந்தது, சொல்லுங்கள். அவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

சித்தப்பா, 10:58
வண்டி எண்ணில் 5 என்பது 1965. ஆர் என்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 07 ஹார்ட்டாப், சி 289 கன அங்குல எஞ்சின். எம் விம்பிள்டன் வெள்ளை. டி.எஸ்.ஓ. என்பது விற்பனை மாவட்டம், 71 லாஸ் ஏஞ்சல்ஸ். அதெல்லாம் வண்டியோடு ஒத்துப்போகிறது.

ஆனால் உள்ளே என்ன துணி, என்ன தரம் என்பதை வண்டி எண் சொல்லாது. அதற்குத்தான் பாடி எழுத்தும் டிரிம் எண்ணும். ஹார்ட்டாப்பில் 65 ஏ என்றால் சாதாரணம், 65 பி என்றால் டெகார். கூரை மடிகிற கன்வர்ட்டிபிளுக்கு 76 ஏ, 76 பி. கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக்குக்கு 63 ஏ, 63 பி. டிரிம்மிலும் அதே கதை. 26 என்றால் கருப்பு, சாதாரண வினைல். டெகார் கருப்பாக இருந்திருந்தால் 66 என்று இருக்கும். சிவப்பு 25, டெகார் சிவப்பு 65. நீலம் 22, டெகார் நீலம் 62. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அக்கா, 11:00
கருப்பு இருக்கைக்கும் கருப்பு இருக்கைக்கும் நடுவில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசமா!

மாமா, 11:02
நானும் ஒன்று கண்டுபிடிக்கிறேன். எல் பன்னிரண்டாவது எழுத்து. அப்படியானால் டிசம்பர் 18.

சித்தப்பா, 11:05
நவம்பர் 18. ஐ என்ற எழுத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள், எண் ஒன்றோடு குழம்பும் என்பதால். ஹெச் ஆகஸ்ட், அடுத்தது ஜே செப்டம்பர், கே அக்டோபர், எல் நவம்பர். இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு, கவலைப்படாதீர்கள்.

மாமா, 11:05
விழுந்தாலும் பக்கத்தில்தான் விழுந்தேன்.

கார்த்தி, 11:07
எந்த வருட நவம்பர் சித்தப்பா?

சித்தப்பா, 11:14
1964. முதல் மஸ்டாங்கை 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டினார்கள். 1965 மாடலை 65 ஆகஸ்டோடு நிறுத்தினார்கள். அப்படியானால் நடுவில் இருப்பது ஒரே நவம்பர். இப்போது நீயே பார். டெகார் குரூப் விற்பனைக்கு வந்தது 1965 வசந்தத்தில். அதற்கு மாதக்கணக்கில் முன்னால் கட்டிய வண்டியில் அது எப்படி வரும்?

கார்த்தி, 11:19
விற்பவரிடம் காட்டினேன். "தகடு வேறு வண்டியுடையதாக இருக்கலாம், கதவை மாற்றியிருப்பார்கள்" என்கிறார்.

சித்தப்பா, 11:27
அவர் கேட்பது நியாயம்தான். கதவு கழன்று போகிற பொருள். தகடு இன்னும் மோசம், கேட்ட எழுத்தைப் புதிதாக அடித்தே தருகிறார்கள். அதனால் இப்போது பானெட்டைத் திற. ஓட்டுநர் பக்கம், எஞ்சின் அறையின் உள் தகட்டு மேல் விளிம்பில் வண்டி எண்ணை இரும்பிலேயே குத்தியிருப்பார்கள். அது தெரிவதற்காகவே ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள வெளித் தகட்டில், ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். கதவுத் தகட்டு எண்ணும் அதுவும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பார்.

கார்த்தி, 11:38
எழுத்து பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது.

சித்தப்பா, 11:41
சரி. இன்னொன்றையும் யோசி. பொய்த் தகடு அடிக்கிறவன் 65 பி என்றுதான் அடிப்பான். செலவு செய்து யாராவது தன் வண்டியை மட்டமாகக் காட்டிக்கொள்வானா? ஏ என்று இருக்கும் தகட்டை நான் பெரும்பாலும் நம்பிவிடுவேன். பி என்று இருந்தால்தான் பூதக்கண்ணாடி.

அக்கா, 11:42
இது நன்றாக இருக்கிறது 😄

கார்த்தி, 11:50
கதவின் உள் பக்கம் இது.
(படம்)

சித்தப்பா, 11:57
இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். கைவைக்கும் கட்டை தனியாகத் திருகி வைத்திருக்கிறது, பலகை தட்டை. டெகார் கதவில் கைவைக்கும் இடமும் பலகையும் ஒரே வார்ப்பாக வரும். திறக்கும் கைப்பிடி துப்பாக்கிப் பிடி போல இருக்கும். கீழே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு விளக்கு இருக்கும். உன் படத்தில் மூன்றும் இல்லை. மீட்டர் பலகையில் சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் என்ன எழுதியிருக்கிறது?

கார்த்தி, 12:01
ஆல்ட் என்று இருக்கிறது.

சித்தப்பா, 12:06
ஆரம்பத்தில் வந்த மஸ்டாங்குகளில் டைனமோதான், அவற்றில் ஜெனரேட்டர் என்பதன் சுருக்கமாக ஜென் என்று இருக்கும். 1964 கோடைக்குப் பிறகு ஆல்டர்னேட்டர். நவம்பர் வண்டிக்கு ஆல்ட் சரிதான். அதாவது மீட்டரும் கதவும் தகடும் ஒரே பேச்சு பேசுகின்றன. குதிரையும் கிளவ் பாக்ஸும்தான் வெளியாட்கள்.

அம்மா, 12:08
அப்போது அவர் பொய் சொல்கிறாரா?

சித்தப்பா, 12:15
அவருக்கே தெரியாமல் இருக்கலாம் அண்ணி. குதிரை உறை புதிதாகவே தைத்து விற்கிறார்கள், ரொம்ப வருடமாக. இருக்கைச் சட்டம் பழையதுதான், உறையைக் கழற்றி மாட்டினால் போதும். மீட்டரையும் கதவையும் மாற்றுவதுதான் பெரிய வேலை. அதனால்தான் மாற்றியவர்கள் அங்கே வந்ததும் கையைக் கழுவிவிடுவார்கள்.

கார்த்தி, 12:17
ஃபோர்டிடமிருந்து எழுத்துப்பூர்வமாக எதுவும் வாங்க முடியாதா? ஃபோர்டின் தயாரிப்புப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை என்று ஒருவர் சொன்னார்.

சித்தப்பா, 12:24
அது 1967 மாடல் முதல் வந்த வண்டிகளுக்குத்தான். 65க்கு அந்த வழி இல்லை. தொழிற்சாலையில் வண்டியோடு போன பில்ட் ஷீட், அதாவது எதை எதைப் பொருத்த வேண்டும் என்று எழுதிய தாள், சில நேரம் இருக்கைச் சுருள் கம்பிகளுக்குள் செருகிக் கிடக்கும், கம்பளத்துக்கு அடியிலும் கிடக்கும். பின் இருக்கையைத் தூக்க அவர் விடுவாரா?

கார்த்தி, 12:52
விட்டார். காகிதம் கிடைக்கவில்லை, ஒரு பழைய சீப்பு கிடைத்தது. ஆனால் நடுவில் அவர் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். வண்டி முதலில் அவர்கள் அப்பாவுடையதாம். உறையை மாற்றியது அப்பாதானாம், பழையது கிழிந்துவிட்டது என்று. கழற்றிய கருப்பு உறைகளும் பழைய கிளவ் பாக்ஸ் கதவும் பரணில் பெட்டியில் இருக்கிறதாம்.

சித்தப்பா, 12:54
அந்தப் பெட்டி இல்லாமல் வண்டியை எடுக்காதே.

மாமா, 12:55
கிழிந்த உறைக்கு இவ்வளவு மரியாதையா?

சித்தப்பா, 13:02
புதிதாகத் தைக்கும்போது தையல் இடைவெளிக்கும் வினைலின் மேல் வரிக்கும் அதுதான் அளவு. கிழிசலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நன்றாக இருந்தாலே போதும்.

கார்த்தி, 13:30
பெட்டியைக் கீழே இறக்கியாகிவிட்டது. பின் இருக்கை உறை முழுசாக இருக்கிறது, முன் இரண்டும் ஓரத்தில் கிழிந்திருக்கின்றன. ஒரிஜினல் போனி என்ற பேச்சை அவரே விட்டுவிட்டார், விலையும் அதற்கேற்ப இறங்கியது. எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, 13:31
குதிரையைக் கழற்றிவிடுவாயா?

கார்த்தி, 13:33
கொஞ்ச நாள் ஓடட்டும். அப்புறம் 26க்குத் திரும்புகிறேன்.

சித்தப்பா, 13:36
அந்தப் பழைய உறையை மடித்து வைக்காதே. வினைல் மடித்த இடத்தில் வெடிக்கும். ஒரு குழாயில் சுற்றி வை.

மாமா, 13:37
குழாய் இருக்கட்டும். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறாய்?