உதவி: பாப்-அப் கேம்பர் கூரை ஒரு மூலையில் ஏற மாட்டேங்குது, அவசரம்

பாளை_பொலிரோ | ஜூலை 11, இரவு 11.48

எல்லாருக்கும் வணக்கம். இன்று எங்கள் பாப்-அப் கேம்பரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கூரையைத் தூக்கிக் கூடாரமாக விரிக்கிற டிரெய்லரை, வெளியே இழுத்து நிறுத்தினோம். கூரையைத் தூக்கினால் மூன்று மூலை ஏறுகிறது, ஒரு மூலை மட்டும் ஒரு சாண் ஏறி நின்றுவிடுகிறது. போதாததற்குக் கேன்வாஸ் ஒழுகுகிறது, நாற்றம் வேறு. அமாவாசைக்குக் கிளம்ப வேண்டும், வீட்டில் சாமான் கட்ட ஆரம்பித்தாயிற்று. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சாரல்_பிரியன் | ஜூலை 11, இரவு 11.55

கூரையைத் தூக்குவது கையால் சுற்றுகிற வின்ச்சா, மோட்டாரா? எந்த மூலை? கடைசியாக எப்போது தூக்கினீர்கள்?

வண்ணார்பேட்டை_பேட்டரி | ஜூலை 12, நள்ளிரவு 12.10

பேட்டரிதான். சந்தேகமே வேண்டாம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் மோட்டார் முக்கி முனகிப் பாதியில் நிற்கும். மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டி என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

சாரல்_பிரியன் | ஜூலை 12, நள்ளிரவு 12.14

மோட்டார் இருக்கிறது என்று அவர் இன்னும் சொல்லவே இல்லையே அண்ணாச்சி. மோட்டாரில் சத்து இல்லையென்றால் நாலு மூலையும்தானே நிற்கும்?

வண்ணார்பேட்டை_பேட்டரி | ஜூலை 12, நள்ளிரவு 12.15

இருந்தாலும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓய்வுபெற்ற_பிட்டர் | ஜூலை 12, காலை 5.20

தம்பி, "ஒரு மூலை" என்றால் ஈசானி மூலையா, கன்னி மூலையா? இந்த இழைகளில் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் பாதிப் பதில் அதிலேயே இருக்கும். யார் கேட்கிறார்கள்?

போகட்டும், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். இது கிணற்று ராட்டினம் மாதிரிதான். முன்னால் ஒரு வின்ச். அது இழுக்கிற தடிமனான ரோப் அடியில் ஒரு தகட்டில் போய்ச் சேரும். அந்தத் தகட்டிலிருந்து நாலு ரோப் பிரிந்து நாலு தூணுக்கும் போகும். ஒவ்வொரு தூணும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய். தூணடியில் ஒரு கப்பி, அதில் திரும்பி மேலே ஏறும் ரோப்தான் உள்குழாயைத் தூக்குகிறது.

இனி ஒரே ஒரு கேள்வி. நின்றுபோகிற இடத்தில் கைப்பிடி லேசாகச் சுற்றுகிறதா, கனக்கிறதா? லேசாகச் சுற்றி, அந்த மூலை ரோப் தொங்கினால் ரோப் அறுந்துவிட்டது. கனத்தால் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. என் கணக்கு, ரோப்பில் இழை பிய்ந்து கப்பியில் மாட்டியிருக்கும்.

தம் கட்டிச் சுற்றாதே. மூன்று மூலை ஏறி ஒன்று நின்றால் கூரை சாய்ந்து தூண் வளைந்துவிடும், அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் அலைய வேண்டும். அதைவிட முக்கியம், நாலு மூலைக்கும் கட்டை முட்டுக் கொடுக்காமல் கூரைக்கு அடியில் தலையை நீட்டாதே. மில்லில் 34 வருஷம் ரோப் பார்த்தவன் சொல்கிறேன், அறுகிற ரோப் சொல்லிவிட்டு அறாது.

கடையம்_கண்ணன் | ஜூலை 12, காலை 7.02

தூணில் தேங்காயெண்ணெய் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டு ஷட்டர் அப்படித்தான் ஓடுகிறது.

சாரல்_பிரியன் | ஜூலை 12, காலை 7.30

எறும்பு வரிசை கட்டி வரும். கிரீஸும் வேண்டாம், செம்மண் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். தூணைத் துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

கல்லிடை_செல்வி | ஜூலை 12, காலை 8.15

குழாயின் அடி வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். எங்கள் தோட்டத்தில் கழற்றிப் போட்ட பம்ப்செட் குழாய் இப்படித்தான் அடைத்துக்கொண்டது. சித்திரை, வைகாசியில் சும்மா கிடந்த ஓட்டை எதையும் அது விடுவதில்லை. சிலந்தியைப் பிடித்து உள்ளே வைத்து, முட்டையிட்டு, மண்ணால் பூசிவிடும். காய்ந்தால் சிமென்ட்தான். டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் தண்ணீர் விட்டு ஊறவைத்து, கம்பியால் மெதுவாகக் குத்தி எடுங்கள்.

ஓய்வுபெற்ற_பிட்டர் | ஜூலை 12, காலை 8.40

ஒரு குளவி கூரையைப் பிடித்து நிறுத்துமாம்! நல்ல கதை. இது இயந்திர விஷயம்மா.

கடையம்_கண்ணன் | ஜூலை 12, காலை 8.44

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். கேம்பரில் கட்டினால் என்ன பிறக்கும்?

மேலப்பாளையம்_மெக்கானிக் | ஜூலை 12, மதியம் 1.10

அண்ணாச்சி கப்பி கப்பி என்கிறார். எங்கள் பக்கம் சகடை.

ஓய்வுபெற்ற_பிட்டர் | ஜூலை 12, மதியம் 1.25

கிணற்றில் இருந்தால் சகடை, பட்டறையில் இருந்தால் கப்பி. ரோப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாளை_பொலிரோ | ஜூலை 12, இரவு 10.30

மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். கை வின்ச்தான். டிரைவர் பக்கம், பின் மூலை. கைப்பிடி கனக்கிறது, கடக்கடக்கென்று சத்தமும் வருகிறது. கோவையில் ஒரு பட்டறையில் செய்த வண்டி, டிசம்பரில் பழையதாக வாங்கினோம். வாங்கிய வாரமே பிள்ளைகளுக்காக மொட்டை வெளியில் திறந்தோம், மழை பிடித்துக்கொண்டது, அப்படியே மடக்கிவிட்டோம். அதன்பின் நேற்றுதான் திறந்தது. இத்தனை நாளும் வேப்பமரத்தடியில் நின்றது.

சாரல்_பிரியன் | ஜூலை 12, இரவு 10.41

இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஏழு மாதம், நனைந்த துணியோடு!

டவுன்_தார்ப்பாய் | ஜூலை 13, காலை 6.50

நாற்றத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஈரத் துணியை மடக்கி வைத்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். உங்களுடையது ஏழு மாதம் வெந்திருக்கிறது.

முதலில் என்ன துணி என்று பாருங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடுகிறதா, ஊறுகிறதா? உருண்டால் பூச்சு இன்னும் இருக்கிறது, ஒழுக்கு தையல் வழியாகத்தான். பரவலாக ஊறினால் பூச்சு போய்விட்டது, நீர்விலக்குத் திரவம் வாங்கி மறுபடி பூச வேண்டும். ஆனால் அழுக்கும் பூஞ்சையும் போகாமல் அதன்மேல் பூசினால் காசுதான் வீண்.

கரும்புள்ளிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளி போகும், கூடவே நூலும் போகும். அடுத்த காற்றில் தையல் பிரிந்து கடைக்கு வருவார்கள், எனக்கு லாபம்தான். காரமில்லாத சோப்பும் மென்மையான பிரஷும் போதும். சோப்பு துளியும் தங்காமல் அலசுங்கள், தங்கினால் துணி தண்ணீரை உறிஞ்சும். தழும்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதன் வழியாக மழை ஒழுகாது. தையலில் உள்பக்கமாகத் தேன்மெழுகை அழுத்தித் தேய்த்து, வெயிலில் இளகவிடுங்கள். ஜிப்புக்கும் அதே மெழுகு போதும்.

சுத்தப் பருத்தித் துணி என்றால் இன்னொன்று. நனைந்தால் நூல் உப்பித் தானாகவே துளையை அடைத்துக்கொள்ளும். அதனால் புதிதாகத் தைத்த இடத்தை ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். மழை பெய்யும்போது உள்ளேயிருந்து விரலால் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் சொட்டும். பிள்ளைகள் கட்டாயம் தொடும், அது வேறு விஷயம்.

இந்த வேலையெல்லாம் பாளையிலேயே முடித்துவிடுங்கள். ஆடியில் இங்கே வெயிலும் காற்றும்தான், அரை நாளில் காய்ந்துவிடும். மலையடிவாரத்துக்குப் போய்விட்டால் சாரலில் துண்டுகூடக் காயாது. திரும்பி வந்த அன்றைக்கே மறுபடி விரித்துக் காயப் போடுங்கள், எத்தனை அலுப்பாக இருந்தாலும்.

மேலப்பாளையம்_மெக்கானிக் | ஜூலை 13, காலை 9.30

கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், சக்கரத்தை யாரும் கேட்கவில்லை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்று பார்க்காதீர்கள். நின்ற வண்டியில் டயர் தேயாது, வெடிக்கும்.

அப்புறம், டிசம்பரில் எந்த வருஷம்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டியை வெளியூர் வண்டி என்று சொல்லி விற்றார்கள், நானே இரண்டு பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மூடியைக் கழற்றுங்கள். கிரீஸ் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். கிளம்பி இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாமல் சுட்டால் திரும்பிவிடுங்கள்.

வி_கே_புரத்தான் | ஜூலை 13, காலை 10.05

எந்த அமாவாசை, எங்கே போகிறீர்கள்? ஆடி அமாவாசை ஜூலை 24. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கா?

பாளை_பொலிரோ | ஜூலை 13, காலை 10.20

ஆமாம், அங்கேதான். ஆற்றங்கரையில் நிறுத்தி நாலு நாள் தங்கலாம் என்று.

வி_கே_புரத்தான் | ஜூலை 13, காலை 10.24

கெட்டது போங்கள். சமீப வருஷங்களில் அமாவாசைக்குச் சொந்த வண்டியை மேலே விடுவதில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாபநாசம் செக்போஸ்டில் போய் நின்றால் சிரிப்பார்கள். இந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

காரையாறு_குடும்பம் | ஜூலை 13, காலை 10.50

எங்கள் தாத்தா கூண்டு வண்டியில் அரிசி, சட்டி, ஆட்டுக்கிடா எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் குடில் போட்டுத் தங்குவார். அந்தக் கோயிலில் சங்கிலி பூதத்தாருக்குப் பொங்கல், பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை. அதற்கு மேல் என்ன கேம்பர்? இப்போது எண்ணிச் சில நாள், அதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு. சாமி எங்களுடையது, காடு மட்டும் அவர்களுடையதா?

வி_கே_புரத்தான் | ஜூலை 13, காலை 11.15

அண்ணாச்சி, தாத்தா காலத்தில் போன கூட்டம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? முண்டந்துறை சரணாலயம் 1962-லேயே வந்தது, 1988-ல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றில் இறங்கிப் பாருங்கள். வந்தவர்கள் விட்டுப்போன பழைய துணி காலில் சுற்றும். அந்தத் தண்ணீரைத்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறோம்.

காரையாறு_குடும்பம் | ஜூலை 13, காலை 11.31

துணியை விடுகிறவன் ஒருத்தன், தண்டனை குடிலில் தங்குகிறவனுக்கா? நாங்கள் சாம்பலைக்கூட அள்ளிக்கொண்டு வருகிறோம்.

கடையம்_கண்ணன் | ஜூலை 13, மதியம் 12.02

இரண்டு பேரும் சரிதான். பேசாமல் குற்றாலம் பக்கம் போங்கள்.

சாரல்_பிரியன் | ஜூலை 13, மதியம் 12.06

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறதா? அதுவும் இப்போது தென்காசி மாவட்டம், நம் கணக்கில் வராது.

கடையம்_கண்ணன் | ஜூலை 13, மதியம் 12.09

மாவட்டம் பிரிந்தது 2019-ல். சாரல் இன்னும் பிரியவில்லை. கடையமும் அங்கேதான் போய்விட்டது, என்னையும் தள்ளிவிடுவீர்களா?

டவுன்_தார்ப்பாய் | ஜூலை 13, மதியம் 12.40

எங்கே போனாலும் காற்றுக்கு முதுகு கொடுத்து நிறுத்துங்கள். மடக்கி இழுக்கும்போது தணிவாக இருக்கும், பயமில்லை. விரித்த பிறகுதான் ஆடிக் காற்று வேலையைக் காட்டும்.

மேலப்பாளையம்_மெக்கானிக் | ஜூலை 16, இரவு 8.00

தம்பி, என்ன ஆயிற்று? டயர் பார்த்தீர்களா?

கல்லிடை_செல்வி | ஜூலை 18, காலை 7.10

ஆளையே காணோமே.

பாளை_பொலிரோ | ஜூலை 20, இரவு 11.52

குளவிக்கூடுதான். கப்பியைச் சுற்றிக் கல்லாக இறுகியிருந்தது, ஒரு ராத்திரி ஊறவைத்து எடுத்தோம். சுற்றாத கப்பியில் உரசி ரோப்பும் நைந்திருந்தது, நாலையும் மாற்றியாச்சு. மேலே வண்டி விடமாட்டார்கள் என்பதால் கேம்பர் அம்பை பக்கம் மாமனார் தோப்பில் நிற்கும், கோயிலுக்கு பஸ்ஸில் போகிறோம். செல்வி அக்காவுக்கு நன்றி.

ஓய்வுபெற்ற_பிட்டர் | ஜூலை 21, காலை 5.05

ரோப் பழுது என்று 12-ம் தேதியே எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

கல்லிடை_செல்வி | ஜூலை 21, காலை 6.30

நல்லபடியாகப் போய்ட்டு வாங்க தம்பி. மற்ற மூன்று தூணிலும் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள்தானே?

மேலப்பாளையம்_மெக்கானிக் | ஜூலை 21, காலை 9.12

டயர்?

வண்ணார்பேட்டை_பேட்டரி | ஜூலை 21, காலை 9.40

பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லையே.